கென்யா அணியின் விக்கெட் கீப்பர்

மே 3, வெள்ளி

மதுரையிலிருந்து மத்தியானம் வீடு திரும்பினோம். குரல்நாணில் இருந்த முடிச்சை எடுத்தாயிற்று. பதினாறு வருடமாக ஏழாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் சமூக அறிவியலைக் கத்திக் கத்தி நடத்தியதற்குக் கிடைத்த பரிசு என்று டாக்டரம்மா சிரித்தார். இரண்டு வாரம் ஒரு சொல்கூடப் பேசக் கூடாது. குசுகுசுவென்று பேசுவது இன்னும் கெடுதலாம். கனைக்கவும் கூடாது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசிப் பழகி, ஜூனில் பள்ளி திறக்கும்போது பாடம் நடத்தலாம்.

எனக்குப் பேசாமல் இருக்க வராது. அதனால்தான் இந்த நோட்டு.

சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதுமே குணசீலன் ஒரு சிலேட்டும் ஒரு டப்பா குச்சியும் வாங்கித் தந்தார். கல்யாணமாகிப் பதினான்கு வருடத்தில் நீங்கள் வாங்கித் தந்ததிலேயே இதுதான் உருப்படியான சாமான் என்று அதில் எழுதிக் காட்டினேன். ரோட்டிலேயே நின்று சிரித்தார். என் போனை அவரே வாங்கி வைத்துக்கொண்டார். யாராவது கூப்பிட்டால் எனக்குப் பேசத் தோன்றுமாம். அதுவும் சரிதான்.

ராத்திரிக்கு அவர் கையால் கஞ்சி. உப்பு இல்லை. எழுதிக் காட்டவில்லை.

மே 5, ஞாயிறு

கோவில்பட்டியில் ஒரு மளிகை மொத்தக் கடையை மூடுகிறார்களாம். பரண் மேல் கிடந்த ஓர் அட்டைப்பெட்டியைக் குணசீலன் பைக்கில் கட்டிக்கொண்டு வந்தார். பிரித்துப் பார்த்தால் கங்காரு படம் போட்ட பபிள்கம். நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது, உலகக் கோப்பை வருடத்தில், கடைகளில் தொங்கிய அதே பாக்கெட். மிட்டாயோடு ஒரு கிரிக்கெட் வீரரின் அட்டையும் உள்ளே இருக்கும். இத்தனை வருடமாக யாரும் பிரிக்காத பெட்டி.

அவருக்கு மொபைல் சர்வீஸ் கடையோடு ‘பழைய பொட்டி’ என்று ஒரு யூடியூப் சேனலும் உண்டு. பழைய ரேடியோ, பழைய கேமரா என்று எதையாவது பிரித்துக் காட்டுவார். பார்ப்பவர்கள் அவருடைய நண்பர்களும் நானும்தான். இந்தப் பாக்கெட்டுகளைத் தினம் ஒன்றாகப் பிரித்துப் போடலாம் என்றார். பிரிப்பது என் கை, பேசுவது அவர்.

முன்னறையில் ஸ்டாண்டு வைத்துக் கேமராவை மாட்டினார். மெழுகுத்தாளைப் பிரித்ததும் ஒரு வாசனை வந்தது பாருங்கள், சர்க்கரையும் ரப்பரும் கலந்தது. மிட்டாய் கல்லாகி, தொட்டதும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அதன் ரோஸ் சாயம் அட்டையில் அப்பியிருந்தது. யாரோ ஒரு நியூசிலாந்துப் பந்துவீச்சாளர். பாதி மூக்கு ரோஸாகியிருந்தார். நான் சத்தமில்லாமல் சிரித்துத் தோள் வலித்தது.

மே 6, திங்கள்

இன்று இரண்டு பாக்கெட். ஒரு இலங்கை, ஒரு நெதர்லாந்து. மாடி வீட்டார் லீவுக்கு ஊருக்குப் போய்விட்டார்கள். தண்ணீர் மோட்டாரை நான்தான் போட வேண்டியிருக்கிறது.

மே 8, புதன்

தினம் அட்டைகளைப் பார்க்கப் பார்க்க சுரேன் அண்ணன் நினைப்பு. இன்று அடக்க முடியவில்லை. சிலேட்டில் கொள்ளாது என்று நான்கு தாளில் எழுதி குணசீலனிடம் கொடுத்தேன்.

சுரேந்திரன் என்னைவிட இரண்டு வயது மூத்தவன். எங்கள் தெரு டீமுக்கு விக்கெட் கீப்பர். அப்பாவின் பழைய சாக்ஸைக் கையில் மாட்டிக்கொண்டு நிற்பான். கங்காரு பபிள்கம் அட்டை அத்தனையும் சேர்த்துவிட்டான், ஒன்றைத் தவிர. கென்யா அணியின் விக்கெட் கீப்பர். அருப்புக்கோட்டை முழுக்க எந்தப் பையனிடமும் அது இல்லை. பரீட்சை லீவில் மஞ்சள் காமாலை வந்தது. நாட்டு மருந்து கொடுத்துப் பார்த்துவிட்டு மதுரைக்குக் கொண்டுபோனபோது முற்றியிருந்தது. ஆஸ்பத்திரிக்கு நான் போகும்போதெல்லாம் என் காதில் மட்டும் கேட்பான், “கென்யா கீப்பர் கெடச்சானா?” கடைசியாக அவன் என்னிடம் பேசியதும் அதுதான்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவிடம் சொன்னால் அந்த அட்டையைத் தேடிக் கடைகடையாக அலைவாள் என்று அப்போது பயம். பிறகு சொல்ல இடமே வரவில்லை.

குணசீலன் நான்கு தாளையும் நின்றபடியே படித்தார். என் தலையில் கை வைத்தார். ரொம்ப நேரம் எடுக்கவில்லை. பிறகு தாள்களை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பத்திரமாக இருக்கட்டும் என்றார்.

பதினான்கு வருடம் கழித்து இன்றுதான் அவரைக் கட்டிக்கொண்டது போல இருந்தது. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

மே 11, சனி

இன்று என் முகமும் தெரியட்டும் என்றார். கை மட்டும் தெரிந்தால் பார்ப்பவர்களுக்கு ஒட்டுதல் வரவில்லையாம். முதலில் மாட்டேன் என்றேன். பிறகு நீலப் புடவையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். படம் பிடிக்கும்போது இப்போது அவர் பேசுவதில்லை. கடையில் வைத்து அப்புறம் குரல் சேர்க்கிறாராம். எல்லாம் முடிந்ததும் முதலிலிருந்து கடைசி வரை இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்கலாம், அதுவரை பார்க்காதே என்றார். எனக்கும் என் மூஞ்சியை நானே பார்த்துக்கொண்டிருக்க ஆசையில்லை.

மே 12, ஞாயிறு

வடகம் போட்டேன். மாடியில் காக்கை காவல் இருக்க வேண்டியதால் வெயில் முழுக்க என் தலையில்.

அவருடைய நண்பர் தாமோதரன் சிவகாசியிலிருந்து வந்திருந்தார். காலண்டர் அச்சடிக்கிறவர். இதுவரை பிரித்த அட்டைகளை விரல் நுனியால் தடவித் தடவிப் பார்த்தார். இந்தக் காலத்தில் இப்படி மொறமொறப்பான அட்டை கிடைப்பதில்லையாம். கென்யா பந்துவீச்சாளர் ஒருவரை மட்டும் இரவலாக எடுத்துப் போனார். அச்சு நேர்த்தியைப் படிக்க வேண்டுமாம். தொழில்மேல் என்ன ஒரு பக்தி. டீ கொடுத்தேன்.

மே 14, செவ்வாய்

வந்துவிட்டான்.

பிறகு எழுதுகிறேன்.

மே 15, புதன்

நேற்று சாயங்காலம் அவர்தான் பெட்டிக்குள் கைவிட்டு ஒரு பாக்கெட் எடுத்துக் கொடுத்தார். மெழுகுத்தாள் ஓரத்தில் பசை கொஞ்சம் பிசுபிசுத்தது. அக்னி நட்சத்திர வெயிலுக்கு இளகியிருக்கும். பிரித்தேன். மஞ்சள் கையுறை. பச்சைச் சட்டை. கீழே கென்யா, விக்கெட் கீப்பர் என்று ஆங்கிலத்தில்.

அட்டையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு தரையில் குனிந்துவிட்டேன். வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன், சத்தம் வந்தால் தையல் பிரிந்துவிடும் என்று அந்த நேரத்திலும் பயம். அவர் ஓடி வருவார் என்று பார்த்தேன். கேமரா விழுந்துவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் பொறுத்துத்தான் வந்தார்.

இந்த ஒரு அட்டையில் ரோஸ் சாயம் இல்லை. முனைகூட மடங்கவில்லை. இத்தனை வருடம் அண்ணனுக்காகச் சுத்தமாகக் காத்திருந்த மாதிரி. தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கினேன்.

மே 17, வெள்ளி

மதுரை. டாக்டரம்மா குழாயை மூக்கு வழியாக விட்டுப் பார்த்தார். நன்றாக ஆறிவிட்டது, இன்று முதல் மெதுவாகப் பேசலாம் என்றார். என் முதல் வார்த்தை “சரிங்க டாக்டர்”. யாரோ பக்கத்து வீட்டுப் பெண் பேசுவது போல ஒரு குரல்.

பஸ்ஸில் குணசீலன் ஒரு யோசனை சொன்னார். டாக்டர்கள் பொதுவாகச் சொல்வார்கள், நம் தொண்டை நமக்குத்தான் தெரியும். பள்ளி திறக்கும் வரை வெளியாட்கள் யாரிடமும் பேச வேண்டாம், வீட்டுக்குள் என்னிடம் மட்டும் பேசு என்றார். நான் வாங்கும் சம்பளமே இந்தக் குரலுக்குத்தான் என்று என்னைவிட அவருக்கு அக்கறை. வீடு வந்து சேர்ந்ததும் பால்காரர் ஏதோ கேட்க, நான் வாய் திறப்பதற்குள் அவர் ஓடி வந்து பதில் சொல்லிவிட்டார்.

அம்மாவிடம் பேச வேண்டும் என்றேன். அத்தையிடம் நானே சொல்லிக்கொள்கிறேன் என்றார்.

மே 20, திங்கள்

கோயிலுக்குப் போனேன். வாசலில் பூ விற்கும் அம்மா என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். கையால் வாயைக் காட்டி, வானத்தைக் காட்டி, ஏதோ ஜாடை செய்தாள். இரண்டு முழம் பூவை வெறுமனே தலையில் வைத்துவிட்டாள். ஆபரேஷன் ஆனது ஊருக்கெல்லாம் எப்படித் தெரிந்தது? சின்ன ஊர். நல்ல ஜனங்கள்.

இரண்டு பெண்கள் தள்ளி நின்று என்னைப் போனில் படம் எடுத்தார்கள். சேனலைக் கொஞ்சம் பேர் பார்க்கிறார்கள் போலிருக்கிறது. அவரிடம் சொன்னேன். ஆமாம், கொஞ்சம் பேர் என்றார்.

மே 22, புதன்

அவர் ராத்திரி சாப்பிடும்போதும் போனையே பார்த்துச் சிரித்துக்கொள்கிறார். பத்து வருடமாக இப்படிச் சந்தோஷமாகப் பார்த்ததில்லை. கெடுக்க வேண்டாம்.

மே 25, சனி

மத்தியானம் கதவைத் தட்டினார்கள். முப்பது வயதுப் பெண் ஒருத்தி, கையைப் பிடித்தபடி எட்டு வயதுச் சிறுமி. கோவில்பட்டியிலிருந்து வருகிறார்களாம். வெயிலில் இரண்டு பேர் முகமும் கறுத்திருந்தது. எனக்கு அவர் சொன்னதெல்லாம் மறந்துவிட்டது. வாசலில் வந்து நிற்கிறவர்களிடம் என்ன சொல்வோம்? “வாங்க” என்றேன்.

அந்தப் பெண் அப்படியே என் காலில் விழுந்தாள்.

தூக்கி உட்கார வைத்து மோர் கொடுத்தேன். பெயர் கனகவல்லி, தீப்பெட்டி ஆபீசில் வேலை. புருஷன் போன வருடம் லாரி மோதி இறந்துவிட்டான். அன்றிலிருந்து மகள் தர்ஷினி ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா என்றுகூடக் கூப்பிடவில்லை.

“ஒங்க வீடியோ பாத்துதாங்க்கா வந்தேன். இருபத்தெட்டு வருசமா பேச்சில்லாத ஒங்களுக்கே பேச்சு வந்துருச்சே. எம்புள்ளைக்கும் வரும்ல?”

எனக்குப் புரியவில்லை. எந்த வீடியோ என்று கேட்டேன். அவள் தன் போனைத் திறந்து காட்டினாள். நீலப் புடவையில் நான். அதன் மேல் என் புருஷனின் குரல்:

“இந்த அக்கா பேரு செல்வகனி. பத்து வயசுல அண்ணன் செத்த அன்னைக்கு நின்னுபோன பேச்சு. இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்தை வரல. ஆனா நான் கொண்டுபோற ஒவ்வொரு பாக்கெட்டையும் பிரிக்கும்போது, அக்கா கண்ணுல உயிர் வருது.”

அடுத்தது நான் தரையில் குனிந்து அழுவது. பின்னால் புல்லாங்குழல். ஆஸ்பத்திரியில் அண்ணன் என் காதில் கேட்ட கேள்வி, நான் தாளில் எழுதிய அதே சொற்களில். பிறகு அண்ணனின் போட்டோ. அம்மா வீட்டில் சாமி படங்களோடு மாட்டியிருக்கும் ஒரே போட்டோ. அது எப்படி இவருக்கு?

“அவரு ஒங்க தம்பிங்களாக்கா? நல்ல மனசு” என்றாள் கனகவல்லி.

அவளிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். என்னால் முடியவில்லை. அவர்கள் பஸ்ஸுக்குக் கிளம்பும் வரை தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். முகவரியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மே 26, ஞாயிறு

நேற்று ராத்திரி ஒன்றும் கேட்கவில்லை. எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. இன்று சாயங்காலம் முன்னறையில் அவர் அடுத்த பாக்கெட்டைத் தயாராக வைத்துவிட்டுக் கூப்பிட்டார். போய் உட்கார்ந்தேன். பிரிக்கவில்லை. கனகவல்லி வந்ததைச் சொன்னேன்.

முதலில் சிரிக்கப் பார்த்தார். பிறகு, பேசாமல் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து யாரோ ஊமையா என்று கேட்டார்கள், தான் மறுக்கவில்லை, அவ்வளவுதான் என்றார். அப்புறம் அதுவாக வளர்ந்துவிட்டதாம். லட்சம் பேர் பார்க்கிறார்களாம். உன் கதையைக் கேட்டு எத்தனை பேர் தங்கள் அண்ணனை நினைத்து எழுதுகிறார்கள் தெரியுமா என்று போனை நீட்டினார்.

என்னை ஏன் அக்கா என்றீர்கள் என்று கேட்டேன். அவர் மேசையிலிருந்த பாக்கெட்டை நகர்த்தி வைத்தார்.

டாக்டர் பேசலாம் என்ற பிறகும் ஏன் வாயை மூடச் சொன்னீர்கள் என்று கேட்டேன். மாத முடிவில் நான் பேசுவதைத்தான் கடைசி வீடியோவாகப் போடுவதாக இருந்தாராம். அதை என்னிடம் ஆசையாகச் சொன்னார். எனக்கும் அது பிடிக்கும் என்பது போல.

கடைசியாக அட்டையை மேசையில் வைத்தேன். இது தாமோதரன் அச்சடித்ததா?

அவர் அதைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

“அட்டை பொய்யாவே இருக்கட்டும், கனி. நீ அழுதது நெசந்தானே?”

அதற்கப்புறம் நான் கத்தினேன். தொண்டையாவது ஒன்றாவது. சுரேன் அண்ணன் பேரை இனி உங்கள் வாயால் சொல்லாதீர்கள் என்று கத்தினேன். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு உண்மையைச் சொல்லி ஒரு வீடியோ போடுங்கள் என்றேன். சரி, சரி, போடுகிறேன், தொண்டையைக் கெடுத்துக்கொள்ளாதே என்று என் தோளைப் பிடித்தார். என் போனையும் திருப்பிக் கொடுத்தார்.

மே 28, செவ்வாய்

அரிசி ஊறப்போட்டேன். அரைக்கவில்லை. அவர் சொன்னபடி செய்வார். முன்கோபம் கிடையாது, குடி கிடையாது, பதினான்கு வருடத்தில் என்னை ஒரு சொல் சொன்னதில்லை. சாயங்காலம் கடையிலிருந்து காரச்சேவு வாங்கி வந்தார். தொண்டைக்கு ஆகாது என்பது மறந்துபோயிருக்கும்.

மே 29, புதன்

எங்கள் பள்ளி கிரேஸி டீச்சர் காலையில் ஒரு வீடியோ அனுப்பினாள். கீழே ஒரே வரி: “செல்வா, இது என்னடி?”

ஞாயிற்றுக்கிழமை முன்னறையில் நான் கத்தியது. கேமரா ஸ்டாண்டில்தான் இருந்திருக்கிறது, ஓடிக்கொண்டே. அவர் பேசியதெல்லாம் வெட்டியிருந்தது. என் முகமும், “சுரேன் அண்ணன் பேர” என்ற மூன்று சொற்களும் மட்டும். மெதுவாக்கி, மறுபடி மறுபடி. தலைப்பு: இருபத்தெட்டு வருடங்களுக்குப் பிறகு அக்கா பேசிய முதல் வார்த்தை.

கடைக்குப் போனேன். வாடிக்கையாளர் இரண்டு பேர் நின்றார்கள். என்னைப் பார்த்ததும் கைகூப்பினார்கள். அவர்களுக்கு முன்னால் அவர் என்னை “வாங்கக்கா” என்றார்.

வீட்டுக்கு வந்து பையில் நான்கு புடவை எடுத்து வைத்தேன்.

மே 30, வியாழன்

அருப்புக்கோட்டை. அம்மா கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டாள். வா என்று சொல்லவில்லை.

சுவரில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் ஆணி மட்டும் இருந்தது. மாப்பிள்ளை போன வாரம் வந்து, கனி பார்க்க ஆசைப்படுகிறாள் என்று சொல்லிப் போட்டோவை வாங்கிப் போனாராம். அதற்கப்புறம் எதிர்வீட்டுப் பெண் போனில் காட்டியிருக்கிறாள்.

நான் நடந்ததையெல்லாம் சொன்னேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். எனக்குத் தெரியாமல் செய்துவிட்டார் என்றேன். அதை நம்பினாள். ஆனால் அவள் கோபம் அது இல்லை.

“அவன் செத்தன்னைக்கு நீ கத்துன கத்துல தெருவே கூடுச்சு. எம்மக ஊமையாப் போனான்னு அந்த ஆளு சொல்லிட்டுப் போகட்டும். ஆனா எம்புள்ள கடைசியா ஆசப்பட்டது ஒரு அட்டைன்னு, ரோட்டுல போறவன்லாம் தெரிஞ்சுக்கிட்ட பெறகுதான் நான் தெரிஞ்சுக்கணுமா?”

நான் சிதறிய வெங்காயத் தோலைப் பொறுக்கினேன்.

“புருசன்கிட்ட எழுதிக் குடுத்தியே. எங்கிட்டச் சொல்லத் தோணலையா ஒனக்கு?”

சாப்பாடு போட்டாள். எதிரே உட்காரவில்லை.

ஜூன் 2, ஞாயிறு

அம்மா இன்னும் சரியாகப் பேசவில்லை. நான் துவைத்த துணிகளை மறுபடி அலசிக் காயப்போடுகிறாள்.

குணசீலனிடமிருந்து பதினைந்து தடவை போன். எடுக்கவில்லை.

ஜூன் 3, திங்கள்

சாயங்காலம் அம்மா தானாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த அட்டையைக் காட்டு என்றாள். கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். இந்த ஆள் நல்லா வெளையாடுவானா என்று கேட்டாள். தெரியாதும்மா, நம்ம சுரேனுக்குக் கீப்பர்னா பிடிக்கும், அதான் என்றேன். அப்பாவின் சாக்ஸைப் பற்றிச் சொன்னேன். அந்தச் சாக்ஸ் எப்படிக் கிழிந்தது என்று தனக்கு அன்றைக்குப் புரியவே இல்லை என்றாள். அடித்துக்கூட விட்டாளாம்.

இரண்டு பேரும் அழுதோம். பிறகு அம்மா அட்டையை என்னிடம் திருப்பித் தந்தாள். இது வீட்டில் வேண்டாம் என்றாள். அடுப்பில் போட்டேன்.

கனகவல்லியைப் பற்றியும் சொன்னேன். அவளிடம் போய்ச் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது என்றேன். நானும் வருகிறேன் என்றாள் அம்மா.

ஜூன் 5, புதன்

கோவில்பட்டி. ஒற்றை அறை வீடு. எங்களைப் பார்த்ததும் கனகவல்லிக்கு நிலைகொள்ளவில்லை. நான் பேசிய வீடியோவை அவளும் பார்த்திருக்கிறாள். ஷெல்ஃபில் புது பபிள்கம் பாக்கெட்டுகள் வரிசையாக இருந்தன. தினம் ஒன்றைத் தர்ஷினி கையில் கொடுத்துப் பிரிக்கச் சொல்கிறாளாம். தர்ஷினி மூலையில் உட்கார்ந்து பாவாடை நூலை இழுத்துக்கொண்டிருந்தாள்.

காப்பி வருவதற்கு முன்பே சொல்லிவிட்டேன். நான் ஊமை இல்லை, டீச்சர். தொண்டையில் ஆபரேஷன். வீடியோ போட்டது தம்பி இல்லை, என் வீட்டுக்காரர். அவர் சொன்னது பொய். பாக்கெட்டைப் பிரித்தால் யாருக்கும் பேச்சு வராது.

அடுப்பை அணைத்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

“அன்னைக்கு நீங்க ‘வாங்க’ன்னதும் எம்புள்ள திரும்பி ஒங்களப் பாத்தா. திரும்பி வரையில பஸ்சுல அவளாவே எங்கையப் புடிச்சா. ஒரு வருசமா அவ என்னையத் தொட்டதில்ல. அதுவும் பொய்யாக்கா?”

இல்லை என்றேன். என் புருஷன் கேட்டதும் கிட்டத்தட்ட இதே கேள்விதான். அவரிடம் என்னால் கத்த முடிந்தது.

கனகவல்லி ஷெல்ஃபிலிருந்த பாக்கெட்டுகளை எடுத்துக் கொடியில் கிடந்த துணிக்குப் பின்னால் வைத்தாள்.

அதற்குள் அம்மா சீப்பும் எண்ணெயும் கேட்டு வாங்கிச் சிறுமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். முடி சிக்குப் பிடித்திருந்தது. தர்ஷினி விலகவில்லை. மதுரையில் இப்படிப்பட்ட குழந்தைகளைப் பார்க்கத் தனியாக டாக்டர்கள் இருப்பதைச் சொன்னேன். எங்கள் பள்ளியில் ஒரு பெண்ணை அங்கே அனுப்பிப் பேச வைத்திருக்கிறோம். ஒரே நாளில் வராது, மாதக்கணக்கில் ஆகும், வராமலும் போகலாம் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். இனிமேல் அவளிடம் எதையும் கூட்டிச் சொல்லக் கூடாது. பள்ளி திறந்ததும் முதல் சனிக்கிழமை நானே கூட வருவதாகச் சொன்னேன்.

யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். நாங்கள் பஸ் ஏறும் வரை வாசலில் நின்றாள். கை காட்டவில்லை.

ஜூன் 7, வெள்ளி

கனகவல்லி போன் செய்தாள். நான் சொன்ன சனிக்கிழமை மதுரைக்கு வருகிறாளாம்.

ஜூன் 9, ஞாயிறு

நாளை பள்ளி திறக்கிறது. இங்கிருந்தே காலை முதல் பஸ்ஸில் போவதாக முடிவு. கிரேஸி, தலைமையாசிரியரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்துப் பார்த்தேன். நடந்ததைச் சொல்வதுதான்.

சாயங்காலம் குணசீலன் வந்தார். முகம் ஒடுங்கியிருந்தது, சவரம் செய்யவில்லை. அண்ணன் போட்டோவைப் புதுச் சட்டம் போட்டுக் கொண்டுவந்திருந்தார். என் நான்கு தாள்களும் இருந்தன. அம்மா போட்டோவை வாங்கி முந்தானையால் துடைத்து அதே ஆணியில் மாட்டினாள். உட்காருங்க மாப்பிள்ளை என்று ஒரு சொல் சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போனாள்.

எல்லா வீடியோவையும் அழித்துவிட்டதாகச் சொன்னார். சேனலே இல்லையாம். உண்மையைச் சொல்லி ஒன்று போடச் சொன்னேனே என்றேன். அதைச் சொல்லத் தைரியம் வரவில்லை, ஊரே காறித் துப்பும் என்றார். கடை வாசலில் ஆட்கள் வந்து உட்கார்ந்து என் பெயரைச் சொல்லி அழுதபோது, வாழ்க்கையில் முதல்முறையாகத் தான் ஒரு ஆளாகிவிட்டது போல இருந்தது என்றார். அந்த ருசியில் கண் தெரியாமல் போய்விட்டது என்றார். சொல்லும்போது குரல் உடைந்து, தரையில் உட்கார்ந்து அழுதார்.

கல்யாணமான இத்தனை வருடத்தில் அவர் அழுது நான் பார்த்தது, அவருடைய அப்பா இறந்தபோது ஒரு தடவை. அன்று ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன்.

இன்று எனக்கு அவர் சட்டைப் பைதான் தெரிந்தது. போன் அதில் நிமிர்ந்து நின்றது, கேமரா வெளியே தெரியும்படி.

பக்கத்தில் போய் அதை எடுத்துப் பார்த்தேன். திரை இருட்டாக இருந்தது. எதுவும் ஓடவில்லை. அவர் தலையைத் தூக்கி நான் செய்வதைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, போனை வாங்கி ஸ்விட்ச் ஆஃப் செய்து வைத்தார்.

“வீட்டுக்கு எப்ப வர்ற, கனி?”

“தெரியல” என்றேன்.

அம்மா காப்பி கொண்டுவந்தாள். குடித்தார். ஏழு மணி பஸ்ஸுக்குக் கிளம்பினார். தெரு முனை வரை போய் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

அவர் மனதார அழுதிருக்கலாம். எனக்குத் தெரியவில்லை. போன மாதம் வரைக்கும், அவர் முகத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்திருக்கும்.